என் முறை வரும்போது பென்ஷன் இருக்குமா?

கேள்வி: எனக்கு 35 வயது. 11 ஆண்டுகளாகச் சம்பளத்தில் பென்ஷன் சந்தா பிடிக்கிறார்கள். பிடிக்கிற பணமெல்லாம் இன்றைய முதியவர்களுக்கே போய்விடுகிறது, எங்கள் முறை வரும்போது நிதி காலியாகிவிடும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். சிலர் திட்டத்திலிருந்து விலகி, அந்தப் பணத்தைத் தாங்களே முதலீடு செய்ய வழி தேடுகிறார்கள். என் மனைவி குழந்தைகளுக்காக ஐந்து ஆண்டு வேலையை விட்டிருந்தார். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா? இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கிடைக்கும். ஆனால் உங்கள் பெற்றோர் தலைமுறை வாங்குகிற விகிதத்தில் கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். "காலியாகிவிடும்" என்பதற்கும் "குறையும்" என்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் புரிந்துகொள்ளாமல் விலகுகிறவர்கள்தான் உண்மையில் வெறுங்கையோடு நிற்பார்கள் என்பது என் கவலை.

உங்கள் சக ஊழியர்கள் சொல்வதில் முதல் பாதி சரி. பெரும்பாலான நாடுகளின் பொது ஓய்வூதியம், இந்த ஆண்டு வசூலாகும் சந்தாவை இந்த ஆண்டே ஓய்வூதியர்களுக்குக் கொடுத்துவிடும் ஏற்பாடு. உங்கள் பெயரில் எங்கோ ஒரு பெட்டியில் பணம் சேர்வதில்லை. சேர்வது உரிமை: இத்தனை மாதம், இவ்வளவு சம்பளத்தின் மீது சந்தா கட்டினார் என்ற பதிவு. நாளை வேலை செய்கிறவர்களின் சந்தாவிலிருந்து அந்த உரிமைக்கு ஏற்ற பங்கு உங்களுக்கு வரும்.

இதன் கணக்கு எளிது. சராசரிச் சம்பளம் 100, சராசரிப் பென்ஷன் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓய்வூதியருக்கு நான்கு பேர் வேலை செய்தால் ஒவ்வொருவரும் 12.5 கொடுத்தால் போதும். மூன்று பேர் என்றால் ஏறக்குறைய 16.7. இரண்டே பேர் என்றால் 25. சந்தாவை ஏற்றக்கூடாது, 12.5-இலேயே நிறுத்த வேண்டும் என்றால் பென்ஷன் 50-இலிருந்து 25-ஆக இறங்கும். சுமையைப் பிரித்துக்கொண்டு சந்தாவை 18 ஆக்கினால் பென்ஷன் 36. ஓய்வூதியருக்கு எத்தனை பேர் உழைக்கிறார்கள், சந்தா எவ்வளவு, பென்ஷன் எவ்வளவு என்ற இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. எந்த அரசு எந்தப் பெயரில் சீர்திருத்தம் கொண்டுவந்தாலும் இந்தச் சமன்பாட்டின் ஏதோ ஒரு முனையைத்தான் அசைக்கிறது. கவனியுங்கள், எந்த இடத்திலும் விடை பூஜ்யம் வரவில்லை. சந்தா கட்ட ஆட்கள் இருக்கும்வரை பென்ஷன் இருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அப்படியானால் "நிதி காலி" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? பல நாடுகள் வரவு மிகுந்த காலத்தில் ஒரு கையிருப்பு நிதியைச் சேர்த்து வைத்தன. செலவு வரவைத் தாண்டும்போது அதிலிருந்து எடுக்கிறார்கள். அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியத்துக்கான கையிருப்பு 2033-ஐ ஒட்டித் தீர்ந்துவிடும் என்று அதன் பொறுப்பாளர்களின் ஆண்டறிக்கைகள் கணிக்கின்றன. தலைப்புச் செய்தி அதோடு நின்றுவிடுகிறது. அதே அறிக்கைகளில் இன்னொரு விவரமும் இருக்கிறது: அதன் பிறகும் வந்துகொண்டிருக்கும் சந்தாவைக் கொண்டே, வாக்களித்த தொகையில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் கொடுக்க முடியும். கால் பங்கு குறைவது சிறிய அடியல்ல, அந்தப் பென்ஷனை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அது வாடகைக்கும் மருந்துக்கும் நடுவே தேர்ந்தெடுக்கும் நிலை. ஆனால் அது காலி அல்ல.

இந்த இடத்தில் அடிக்கடி தவறாகப் பயன்படும் ஒரு புள்ளிவிவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1950-இல் ஒரு பயனாளிக்கு 16 பேருக்கு மேல் சந்தா கட்டினார்கள், இப்போது மூன்று பேர்கூட இல்லை என்பார்கள். எண்கள் சரி, அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. அங்கே சட்டம் வந்தது 1935-இல், மாதப் பென்ஷன் தொடங்கியது 1940-இல். 1950-இல் இருந்த முதியவர்களில் பெரும்பாலோர் சந்தாவே கட்டாதவர்கள், எனவே பட்டியலில் இல்லை. திட்டம் முதிர்ந்த பிறகு, 1970-களின் நடுவிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த விகிதம் மூன்றுக்குச் சற்று மேலேயே நின்றது. மூப்படைதலின் உண்மையான அழுத்தம் அதற்குப் பிறகு வந்தது.

காரணத்திலும் ஒரு திருத்தம் தேவை. மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், அதனால்தான் சிக்கல் என்று பொதுவாக நினைக்கிறோம். அது பாதிக் காரணம்கூட இல்லை என்பேன். ஒரு சமூகம் மூப்படைவதற்கு முதன்மைக் காரணம் பிறப்பு குறைவது. மக்கள்தொகை தன்னைத்தானே ஈடுசெய்ய ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 2.1 குழந்தை வேண்டும். தென் கொரியாவில் 2023-இல் அது 0.72. அந்த அளவு நீடித்தால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். ஆயுள் கூடுவதை ஓய்வு வயதைத் தள்ளி ஓரளவு சமாளிக்கலாம். பிறக்காத தொழிலாளியை எந்த விதியாலும் சமாளிக்க முடியாது. நாளையே பிறப்பு கூடினாலும் அந்தக் குழந்தை சந்தா கட்ட 20 ஆண்டுக்கு மேலாகும். அதுவரை அதுவும் உழைப்பவர்களைச் சார்ந்தே இருக்கும்.

வேகமும் முக்கியம். 65 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 ஆக உயர பிரான்சுக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஜப்பானுக்கு 1970 முதல் 1994 வரை, 24 ஆண்டு. தென் கொரியாவுக்கு 20 ஆண்டுகூட ஆகவில்லை. நூறாண்டு கிடைத்த நாடு மூன்று நான்கு தலைமுறைக்குச் சுமையைப் பரப்பியது. இருபதாண்டு மட்டும் கிடைத்த நாட்டில் ஒரே தலைமுறை தன் பெற்றோரின் பென்ஷனையும் கொடுத்து, தன் எதிர்காலத்துக்கும் சேர்க்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தால் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. உதவும், ஆனால் முழு மருந்தாகாது, ஏனெனில் வருகிறவர்களுக்கும் வயதாகும். 2000-இல் ஐ.நா. செய்த ஒரு கணக்கில், குடியேற்றத்தை மட்டும் கொண்டு தன் உழைப்பவர்–முதியவர் விகிதத்தை அப்படியே வைத்திருக்க 2050-க்குள் தென் கொரியாவுக்கு 500 கோடிப் பேருக்கு மேல் தேவை என்று வந்தது. அப்போதைய உலக மக்கள்தொகையே சுமார் 600 கோடி.

இனி, உங்கள் அரசு என்ன செய்யும்? செய்யக்கூடியவை சில மட்டுமே. அவற்றை அறிந்து வைத்திருந்தால் செய்தி வரும்போது பதற்றம் இருக்காது.

ஓய்வு வயதை உயர்த்துவது மிக வலுவான கருவி, ஏனெனில் அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. 40 ஆண்டு உழைப்பு, 20 ஆண்டு ஓய்வு என்பதை 42, 18 என்று மாற்றினால், மக்கள்தொகை நிலையாக இருக்கும் ஒரு நாட்டில், ஓர் ஓய்வூதியருக்கு 2 பேர் என்பது 2.33 ஆகும். பாதிச் சம்பளத்தைப் பென்ஷனாகக் கொடுக்கத் தேவைப்படும் சந்தா 25-இலிருந்து 21.4 ஆக இறங்கும். ஜெர்மனி 2012-இல் தொடங்கி 2031-க்குள் 67 ஆக்குகிறது. அமெரிக்கா 1983-இல் சட்டம் போட்டது. முதல் உயர்வு 1938-இல் பிறந்தவர்களுக்கு, அதுவும் இரண்டே மாதம். இப்படிப் பல ஆண்டு முன்னறிவிப்பு கொடுப்பதுதான் நேர்மையான முறை. டென்மார்க், பின்லாந்து போன்றவை ஓய்வு வயதைச் சராசரி ஆயுளோடு கட்டியிருக்கின்றன.

இந்தக் கருவி தவறுவது எங்கே என்றால், எல்லோருடைய உடலும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. சுமை தூக்கியவரும் கட்டட வேலை செய்தவரும் 60-இலேயே ஓய்ந்துவிடுகிறார்கள்; அவர்களுடைய ஆயுளும் சராசரியாகக் குறைவு. அவர்களுக்கு வயதை மட்டும் தள்ளினால், பென்ஷனில் மிச்சமான பணம் ஊனமுற்றோர் உதவித்தொகையாகவும் வேலையின்மை உதவியாகவும் வேறு வாசல் வழியே வெளியேறும். எங்கிருந்தும் உதவி கிடைக்காதவர் வறுமையில் விழுவார். கடும் உழைப்புக்குத் தனி வழி வைக்காமல் வயதை உயர்த்துவது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது, சந்தாவை உயர்த்தி ஓரிடத்தில் நிறுத்துவது. ஜப்பான் 2004-இல் சட்டம் போட்டு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏற்றி, 2017-இல் சம்பளத்தில் 18.3 சதவீதத்தில் நிறுத்தியது. பாதி ஊழியர், பாதி நிறுவனம். சந்தா நின்றதால் மீதிச் சுமை பென்ஷன் மீது விழ வேண்டும் அல்லவா? அதற்காக, சந்தாதாரர் குறைவதையும் ஆயுள் கூடுவதையும் கணக்கிட்டு ஆண்டு உயர்வில் ஒரு பகுதியைத் தானாகவே கழிக்கும் விதியையும் வைத்தார்கள். ஆனால் விலைவாசி ஏறாத ஆண்டில் அந்தக் கழிவு நடைமுறைக்கு வராது என்றும் எழுதிவிட்டார்கள். விலைகள் பல ஆண்டு ஏறவே இல்லை. விதி முதன்முதலில் இயங்கியது 2015-இல். அந்த இடைவெளியில் அன்றைய முதியவர்கள் திட்டமிட்டதைவிடக் கூடுதலாகப் பெற்றார்கள். அந்த வித்தியாசத்தை இளையவர்கள் தங்கள் எதிர்காலப் பென்ஷனில் தாங்குகிறார்கள். தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் அடுத்த தலைமுறையின் கணக்கில் எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சுவீடன் 1990-களில் வேறு வழியை எடுத்தது. 18.5 சதவீதச் சந்தாவில் 16 பகுதி ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கில் மட்டும் பதிவாகும், பணம் இன்றைய பென்ஷனுக்குப் போகும். 2.5 பகுதி உண்மையாகவே முதலீடாகும். ஓய்வு பெறும்போது பதிவான தொகையை உங்கள் தலைமுறையின் எதிர்பார்க்கும் ஆயுளால் வகுத்துக் கொடுப்பார்கள். திட்டம் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகை அதன் சொத்தைத் தாண்டினால், பென்ஷன் உயர்வைத் தானாகவே குறைக்கும் சமன்முறை இயங்கும். 2008 நெருக்கடிக்குப் பிறகு 2010-இல் அது இயங்கியபோது ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களின் பென்ஷனே குறைந்தது. வலித்தது, ஆனால் இரண்டு தலைமுறையும் பங்கெடுத்தன.

யாரும் அதிகம் பேசாத மூன்றாவது வழி, வேலை செய்கிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. வேலை செய்யும் வயதில் 100 பேர், முதியவர் 40 பேர் என்று கொள்ளுங்கள். அந்த 100-இல் 60 பேர்தான் சந்தா கட்டும் வேலையில் இருந்தால், பாதிச் சம்பளப் பென்ஷனுக்கு 33 சதவீதச் சந்தா வேண்டும். 75 பேர் என்றால் 27 சதவீதம் போதும். ஒரு முதியவரும் குறையவில்லை, ஒரு குழந்தையும் கூடப் பிறக்கவில்லை. குழந்தை பெற்ற பெண்கள் வேலைக்குத் திரும்ப வசதி, முறைசாரா வேலைகளைச் சந்தாவுக்குள் கொண்டுவருதல், 55 தாண்டியவர்களை வேலையை விட்டு அனுப்பாமல் இருத்தல் ஆகியவையே இதற்கு வழி. சம்பளம் வளர்ந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. பென்ஷனும் சம்பளத்தோடு சேர்ந்து ஏறும் திட்டத்தில், சம்பளம் ஏறுவதால் விகிதம் மாறாது.

இப்போது விலகுவது பற்றி. உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன், செய்யாதீர்கள். விலகினால் நிறுவனத்தின் பங்கு போகும். விபத்தில் உடல் முடங்கினாலோ உயிர் போனாலோ குடும்பத்துக்கு வரும் பென்ஷன் பல திட்டங்களில் சந்தா தொடர்ச்சியைப் பொறுத்தது, அதுவும் போகும். 97 வயதுவரை வாழ்ந்தாலும் மாதாமாதம் வரும் என்ற உறுதியைச் சேமிப்புக் கணக்கு கொடுக்காது. முதலீடு மக்கள்தொகைக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணமும் பிழை. நீங்கள் 65-இல் பங்குகளையும் வீட்டையும் விற்கும்போது வாங்கப் போவது அதே சிறிய இளைய தலைமுறைதான். சிலி 1981-இல் பொதுத் திட்டத்தை மூடி, சம்பளத்தில் 10 சதவீதம் செலுத்தும் தனிக்கணக்குகளுக்கு மாறியது. வேலை விட்டு விட்டுக் கிடைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் கணக்கில் போதிய பணம் சேரவில்லை. 2008-இல் அரசே வரிப்பணத்தில் ஒரு அடிப்படைப் பென்ஷனைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் மூன்று முறை பணம் எடுக்க அனுமதித்தபோது பலருடைய கணக்கு அடியோடு காலியானது.

ஆகவே திட்டத்தில் இருங்கள், குறையப் போகும் பகுதியைத் தனியாக ஈடுகட்டுங்கள். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே.

இந்த மாதமே சந்தாப் பதிவேட்டை எடுங்கள். 11 ஆண்டு என்றால் 132 மாதம். ஒவ்வொரு மாதமும் பதிவாகியிருக்கிறதா, சம்பளத் தொகை சரியா என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். அதிகம் தவறுவது மூன்று இடங்களில்: வேலை மாறிய மாதம், நிறுவனம் பிடித்துவிட்டுச் செலுத்தாத மாதங்கள், பெயரோ பிறந்த தேதியோ வேறு ஆவணங்களோடு பொருந்தாமை. பழைய நிறுவனம் மூடப்பட்ட பிறகு இவற்றை நிரூபிப்பது மிகக் கடினம். சம்பளச் சீட்டுகளை ஓய்வு பெறும்வரை தூக்கிப் போடாதீர்கள். திருத்தம் கோரக் காலவரம்பு உண்டா என்றும் கேளுங்கள்.

அடுத்து, குறைந்தபட்சச் சந்தா ஆண்டுகள் எத்தனை என்று பாருங்கள். ஜெர்மனியில் 5, அமெரிக்காவில் 10. ஜப்பானில் 25 ஆக இருந்ததை 2017-இல் 10 ஆகக் குறைத்தார்கள். ஒரு மாதம் குறைந்தாலும் பென்ஷனே இல்லை என்ற நிலை வரலாம். பிறகு, பென்ஷனைக் கடைசி சில ஆண்டுச் சம்பளத்தில் கணக்கிடுகிறார்களா, பணிக்காலம் முழுவதன் சராசரியிலா என்று கேளுங்கள். சீர்திருத்தங்கள் பொதுவாக முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கியே போகின்றன. ஆண்டு உயர்வு விலைவாசியோடா சம்பள உயர்வோடா என்பதையும் விட்டுவிடாதீர்கள். சம்பளங்கள் விலைவாசியைவிட ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதலாக ஏறினால், விலைவாசியோடு மட்டும் கட்டப்பட்ட பென்ஷன் 20 ஆண்டில் சம்பளங்களோடு ஒப்பிடும்போது மூன்றில் ஒரு பங்கு பின்தங்கும். வாங்கும் பொருள் குறையாது, ஆனால் வீட்டுக்கு வந்து கவனிக்கும் உதவியாளரின் சம்பளம் போன்றவை எட்டாமல் போகும்.

உங்கள் மனைவியின் ஐந்து ஆண்டுக்கு வருகிறேன். வாழ்நாள் சராசரித் திட்டத்தில் 40 ஆண்டுக்கு 5 ஆண்டு விடுபட்டால் பென்ஷனில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். இது அப்படியே விடத் தேவையில்லாத இழப்பு. பல நாடுகள் குழந்தை வளர்த்த காலத்தைச் சந்தா கட்டிய காலமாகவே எண்ணுகின்றன. ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று ஆண்டு. ஆனால் அங்கேயும் அது தானாக வராது, விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு சலுகை இல்லாவிட்டால், விடுபட்ட காலத்துக்குப் பின்தேதியிட்டுச் சந்தா கட்ட முடியுமா என்று கேளுங்கள். பிரிட்டனில் வழக்கமாகக் கடந்த ஆறு ஆண்டுவரை முடியும். இந்தக் கதவு காலவரம்புக்கு உட்பட்டது, அதனால் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுவாகக்கூட இருக்கலாம்.

சேமிப்பு எவ்வளவு? பென்ஷன் சம்பளத்தில் 50-லிருந்து 40 ஆகக் குறையும் என்று கொள்வோம். குறைவு 10. அதை 65 முதல் 85 வரை ஈடுகட்ட வேண்டும். உங்களுக்கு 30 ஆண்டு கையில் இருக்கிறது. முதலீடு, சம்பள உயர்வைவிட ஆண்டுக்கு 2 சதவீதம் கூடுதலாக ஈட்டினால், சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்து வந்தால் போதும். 45 வயதில் தொடங்கினால் அதே குறைவுக்கு 6.7 சதவீதம். முதலீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 1 சதவீதம் கூடுதலாக இருந்து கூடுதல் ஈட்டம் 1 ஆகக் குறைந்தால், 4 என்பது 5.2 ஆகிவிடும். எந்தத் திட்டம் நன்றாக ஏறும் என்று தேடுவதற்கு முன் எதில் கட்டணம் குறைவு என்று பாருங்கள். கட்டணம் மட்டும்தான் முன்கூட்டியே உறுதியாகத் தெரிவது. 85-ஐத் தாண்டி வாழ்வதற்கு, ஓய்வு பெறும்போது சேமிப்பில் ஒரு பகுதியை வாழ்நாள் முழுதும் மாதத்தொகை தரும் காப்பீடாக மாற்றலாம்.

முன்கூட்டியே பென்ஷன் எடுக்கும் ஆசை 60-ஐ நெருங்கும்போது வரும். மாதத்துக்கு 0.5 சதவீதம் குறைக்கும் திட்டத்தில் 65-க்கு இரண்டு ஆண்டு முன்னால் எடுத்தால் 100 என்பது 88 ஆகும், அதுவும் ஆயுள் முழுதும். அப்படி முன்னால் வாங்கிய தொகையின் ஆதாயம் 80 வயதை ஒட்டித் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் நட்டம். தள்ளி எடுத்தால் ஜப்பானில் மாதத்துக்கு 0.7 சதவீதம் கூடும். 65-க்குப் பதில் 70-இல் தொடங்கினால் 42 சதவீதம் அதிகம். சமன் ஆவது 82-ஐ ஒட்டி. உடல்நலமும் வேறு வருமானமும் இருப்பவருக்குத் தள்ளி எடுப்பது, சந்தையில் வாங்க முடியாத மலிவான ஆயுள் காப்பு. உடல்நலம் சரியில்லாதவர் முன்னால் எடுப்பதில் தவறே இல்லை. தம்பதி என்றால், கூடுதல் பென்ஷன் உள்ளவர் தள்ளி எடுத்தால் துணைக்கு வரும் பென்ஷனும் கூடுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். திட்டத்துக்குத் திட்டம் இது மாறும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. முதுமையில் சேமிப்பைத் திடீரென்று கரைப்பது பெரும்பாலும் அன்றாடச் செலவல்ல, நீண்டகாலப் பராமரிப்பு: குளிப்பாட்ட, உணவூட்ட, நினைவிழந்தவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும் ஆண்டுகள். ஜெர்மனி 1995-இலும் ஜப்பான் 2000-இலும் இதற்கென்றே தனிச் சமூகக் காப்பீடு தொடங்கின. ஜப்பானில் 40 வயதிலிருந்து அதற்குச் சந்தா. சேவை பெறும்போது பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்கு கட்டுகிறார்கள். உங்கள் நாட்டில் அத்தகைய காப்பீடு இருந்தால் அதில் எது அடங்கும், எத்தனை மணி நேர உதவி, வீட்டிலா இல்லத்திலா என்று இப்போதே அறிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன 4 சதவீதத்தை அதற்காக உடைக்காதீர்கள். தனியாக ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள், உங்கள் பெற்றோருக்கு அந்த ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் இந்த ஆண்டே அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.